ஒரே கல்லில் எட்டுச் சொந்தம்

அறுபது வயது தாண்டும்வரை மியூரியல் ஓல்ட்ராய்டுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. அதன் பிறகு திடீரென்று எட்டுக் குடும்பம் கிடைத்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த சொந்தமில்லை, கல்லறையில் கண்டெடுத்தது.

லீட்ஸ் நகரத்தின் மேற்குக் கோடியில், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்றில் அவள் பிறந்தாள். அப்பா டிராம் கண்டக்டர். கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சாவுச் சீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ரொட்டிக்காரனுக்குக் கடன் சொல்லலாம், கரிக்காரனை அடுத்த வாரம் வரச் சொல்லலாம், சாவுச் சீட்டுக்காரரிடம் மட்டும் அம்மா வாயைத் திறக்க மாட்டாள். காசைத் தயாராகக் கையில் மூடி வைத்துக்கொண்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பாள். சீட்டுக் கட்டாதவர்கள் செத்தால் நகரசபை செலவில் அடக்கம். அட்டை மாதிரிப் பெட்டி, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேரோடு ஒரே குழி, மேலே புல். கல் இல்லை, பெயர் இல்லை. ஊர்க்குழி என்று அதற்குப் பெயர். அந்தத் தெருவில் ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் தலைகுனிய வைக்க வேண்டுமானால், “அவங்க தாத்தா ஊர்க்குழில போனவரு” என்று சொன்னால் போதும். பன்றி இறைச்சிக் கடை வரிசையில் நின்றுகொண்டு, சம்பந்தப்பட்டவர் காதில் விழுகிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.

மியூரியல் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு சுவர்த்தாள் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே மேஜைக்குப் பின்னால் நின்றாள். ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சாப்பாட்டறைச் சுவர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், உள்ளே போய்ச் சாப்பிட்டதுதான் இல்லை. இருபத்தி நான்கு வயதில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. ரோலண்ட் என்று பையன். கனடாவில் இடம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று கப்பல் ஏறினான். கனடா பெரிய நாடு, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.

அப்பா முன்பே போய்விட்டார். அம்மா செத்தபோது சர்ச்சில் மொத்தம் நான்கு பேர். பாதிரியார், மியூரியல், பக்கத்து வீட்டுக்காரி, கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர். அவர் எல்லாப் பாட்டையும் மனமுருகப் பாடினார். அம்மாவுக்கு இப்படி ஒரு சிநேகிதரா என்று மியூரியல் அவரிடம் போய்க் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவர் அடுத்த அடக்கத்துக்கு வந்தவர். பஸ் சீக்கிரம் வந்துவிட்டதாம்.

இன்னும் சில வருஷம் கழித்து மூன்றாம் வீட்டில் தனியாக இருந்த லம் என்ற கிழவர் செத்துப் போனார். பேப்பர் குவிந்து கிடப்பதைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டதே மியூரியல்தான். நகரசபையிலிருந்து ஒரு இளைஞன் வந்து, சொந்தக்காரர் முகவரி எங்காவது கிடைக்குமா என்று அலமாரி அலமாரியாகத் தேடினான். ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பித்தான் கிடைத்தது. யாருக்கும் வேண்டாத காலை நேரத்தில் அடக்கம் நடந்தது. போனது அந்த இளைஞனும் மியூரியலும்தான். வெளியே வரும்போது அவன் மனசார நன்றி சொன்னான்.

“நல்ல வேளை நீங்க வந்தீங்க. போன வாரம் நான் ஒத்தை ஆளா நின்னு பாடினேன். எனக்குப் பாடவே வராது.”

அந்த வாரமே மியூரியல் அடக்கம் செய்து தரும் கம்பெனிக்குப் போய்த் தன் அடக்கத்துக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தாள். பெட்டி வரும், கறுப்புக் கார் வரும், பூவளையம் வரும், பிறகு சாப்பிட சாண்ட்விச் கூட வரும். எல்லாம் பட்டியலில் இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்று மட்டும் இல்லை. பெட்டிக்குப் பின்னால் நடந்து வர ஆள். அதை அவர்கள் விற்பதில்லை. ராத்திரி படுத்தால், நகரசபை இளைஞன் தன் தலைமாட்டில் நின்று சுருதி சேராமல் பாடுவது கேட்டது.

ஆகவே மியூரியல் ஆள் தேடக் கிளம்பினாள்.

நூலகத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் வம்சம் தேடும் வகுப்பு நடந்தது. அந்த ஊரில் வேலை ஓய்ந்தவர்களில் பாதிப் பேர் தோட்டம் போடுவார்கள், மீதிப் பேர் கொள்ளுத்தாத்தாவைத் தோண்டுவார்கள். மியூரியலுக்கு அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா ஒருவர் இருந்தார். சேத் ஓல்ட்ராய்ட், சாயப்பட்டறைக் கூலி, நாற்பத்தோரு வயதில் செத்தவர். அப்பா அவரைப் பற்றி வாயே திறந்ததில்லை. கூலிக்காரன், சின்ன வயது, பேச்சே இல்லை என்றால் அர்த்தம் ஒன்றுதான். ஊர்க்குழி. மியூரியல் பயந்துகொண்டேதான் மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

போனால், கல் இருந்தது! ஆள் உயரக் கறுத்த கல், உச்சியில் செதுக்கிய ஐவிக் கொடி, அதற்குக் கீழே முதல் பெயரே சேத் ஓல்ட்ராய்ட். அவள் அங்கேயே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஓல்ட்ராய்டுகள் ஊர்க்குழியில் போனவர்களில்லை. பன்றி இறைச்சிக் கடை வரிசையில் இனி யாருக்கும் பயப்பட வேண்டாம். கடையை மூடி இருபது வருஷம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

சேத்துக்குக் கீழே இன்னும் எட்டுப் பெயர்கள். பிக்கர்ஸ்கில், தாக்ரே, காண்ட், மாசன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பப் பெயர். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே ‘மேலும்’ என்று வெட்டியிருந்தது. எல்லோரும் 1899 பிப்ரவரியில், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துச் செத்தவர்கள். வேறு யாராவதாக இருந்தால் கொஞ்சம் தாடையைச் சொறிந்திருப்பார்கள். மியூரியலுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரே கல்லில் இருக்கிறவர்கள் ஒரே குடும்பம். மருமகன்கள், அக்கா தங்கை மக்கள், ஒரே சந்தில் கூட்டமாக வாழ்ந்தவர்கள். ஒரு விஷக் காய்ச்சல் வந்து மொத்தமாக வாரிக்கொண்டு போயிருக்கிறது. பாவம்.

நம்மிடம் என்றால் இந்தக் கதை ஒரு நாள் தாங்காது. அத்தை மகனா, மாமன் மகளா, பெரியப்பா பேரனா, யார் வழியில் யாருக்கு என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அந்த ஊரில் அந்தத் தொல்லை இல்லை. ‘கசின்’ என்று ஒரே ஒரு கோணிப்பை. எல்லோரையும் அதில் போட்டு வாயைக் கட்டிவிடலாம்.

மியூரியல் எட்டுப் பேரின் வாரிசுகளையும் கீழ்நோக்கித் தேடிப் பிடித்தாள். மேல்நோக்கிப் போய் எட்டும் ஓரிடத்தில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளிக்கோடு போட்டு வைத்தாள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இதற்குள் செவ்வாய்க்கிழமை வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே பாடம் நடத்த ஆரம்பித்திருந்தாள். “ஆதாரம் இல்லாம கோடு போடாதீங்க” என்பது அவளுடைய முதல் பாடம்.

முதலில் கிடைத்தவர் கிளிஃபோர்ட் பிக்கர்ஸ்கில். குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர், மனைவி இல்லை, ஒரே மகள் ஆஸ்திரேலியாவில். முதல் தடவை தொலைபேசியில் அவள் எல்லாவற்றையும் விளக்கினாள்.

“கண்ணு,” என்றார் கடைசியில். யார்க்ஷர்க்காரருக்குப் பெண்கள் எல்லோருமே கண்ணுதான். “இதுல எனக்கு ஏதாவது செலவு உண்டா?”

“கிடையாது.”

“அப்ப நாம சொந்தம்தான்.”

இரண்டாவது நோரீன் தாக்ரே, பள்ளிக்கூடச் சமையலறையை ஆண்டு முடித்தவள். அவளுக்குச் சொந்தங்கள் ஏற்கெனவே நிறைய. ஆனால் அவர்களில் யாரும் கல்லில் செதுக்கப்பட்டவர்கள் இல்லை. மியூரியல் போட்டுக் கொடுத்த வம்ச மரத்தைத் தங்க முலாம் சட்டத்தில் மாட்டி, டீ குடிக்க வருகிறவர்களை அதற்கு எதிரே உட்கார வைத்தாள். மூன்றாவது வில்ஃப் காண்ட், ஸ்டான் காண்ட் என்ற அண்ணன் தம்பி. யார் என்ன சொன்னாலும் ஒருவர் ஆமாம் என்பார், மற்றவர் அதேதான் என்பார். இப்படியே மீதிப் பேரும்.

வருஷா வருஷம் மே மாத முதல் ஞாயிறு கல்லின் முன்னால் கூடினார்கள். மடக்கு நாற்காலி, மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பை, ஊறுகாய் வெங்காயம், பிளாஸ்கில் டீ. மழை பெய்தால் குடை. பெரும்பாலும் குடை. நோரீன் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்து, “பாரு, இந்த மூக்கு. அப்படியே சேத் மூக்கு!” என்பாள். சேத்தின் புகைப்படம் உலகத்தில் எங்கும் கிடையாது.

ஒரு வருஷம், பன்றிக்கறிப் பை எல்லாம் தீர்ந்த பிறகு, மியூரியல் தயங்கித் தயங்கிக் கிளிஃபோர்டிடம் கேட்டாள். தனக்கு ஏதாவது ஆனால் வருவாரா என்று.

“முன்வரிசையில நிப்பேன்” என்றார் அவர். “நாலு வார்த்தை பேசவும் செய்வேன். நல்லதா நாலு இருக்கான்னு இப்பவே யோசிச்சு வைக்கணும்.”

நோரீனும் வருவதாகச் சொன்னாள். காண்ட் சகோதரர்கள் ஆமாம் என்றார்கள், அதேதான் என்றார்கள். அன்று ராத்திரி நகரசபை இளைஞன் பாடவில்லை.

ஒரே ஒரு குறை. கல்லின் முதுகுப் பக்கம் முழுக்க முட்புதர் மண்டி, மதில்வரை அடைத்துக் கிடந்தது. குனிந்தால் முடியைப் பிடித்து இழுக்கும். அதை வெட்டச் சொல்லி மியூரியல் பத்து வருஷமாக எழுதாத மனு இல்லை. கூட்டம் கூடும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் புலம்புவாள். “நம்ம ஆளுங்க முதுகில முள்ளு குத்திட்டிருக்கு” என்பாள்.

அப்புறம் ஒரு மார்ச் மாதம் புயல் அடித்தது. கல்லுக்கு ஏதாவது ஆயிற்றா என்று பார்க்க மியூரியல் மறுநாளே போனாள். மதிலோரத்து மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்து புதரை ஒரு பக்கமாக அமுக்கியிருந்தது. அந்த இடைவெளியில், கல்லின் முதுகில், ‘மேலும்’ என்ற எழுத்துகள் தெரிந்தன.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இன்னும் சொந்தம்! கைப்பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் முள்ளை ஒவ்வொன்றாக வெட்டி ஒதுக்கினாள். ஒன்பது பெயர்கள். முன்பக்கம் முடிந்த தேதிக்கு மறுநாளிலிருந்து தொடங்கி மார்ச்சில் முடிந்தன. ஒரே காய்ச்சல் பதினெட்டுப் பேரையா? அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, எதற்கென்று அவளுக்கே தெரியாது, அடுத்த கல்லைப் பார்த்தாள். அதே கறுப்பு, அதே ஐவிக் கொடி. அதன் முதல் பெயர், இந்தக் கல் முடிந்த தேதிக்கு மறுநாள் செத்தவர். கீழே எட்டு வேறு வேறு குடும்பப் பெயர்கள். அதற்கடுத்த கல் அங்கிருந்து தொடங்கியது. அதற்கடுத்ததும். வரிசை மேட்டின் விளிம்புவரை போயிற்று.

மியூரியல் சுவர்த்தாள் கடைக்காரி. ஒரு சுருள் முடிகிற இடத்தில் அடுத்த சுருள் எப்படிச் சேரும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது குடும்பமில்லை, க்யூ. தபால் நிலையத்தில் நிற்கிற மாதிரி, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, இந்த ஊர்க்காரர்கள் செத்தும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். முன்னால் நிற்பவர் யாரென்று தெரியாது, கேட்பது மரியாதையுமில்லை.

கல்லறை அலுவலகத்தில் போய், ஒரு சிநேகிதிக்காகக் கேட்கிறேன் என்று கேட்டாள். அவர்கள் தினமும் நாலு பேருக்குச் சொல்கிற விஷயம்தான். ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும், கட்டினால் அன்னியர்களோடு ஒரே குழியில் இடமும் பொதுக்கல்லில் உன் பெயரும் கிடைக்கும். அதைவிடக் குறைவாகக் கட்டினால் அதே மாதிரிக் குழி, பெயர் மட்டும் கிடையாது. ஒன்றுமே கட்ட முடியாதவர்களுக்குத்தான் ஊர்க்குழி. ‘மேலும்’ என்றால் மேலும்தான். வேறு அர்த்தமில்லை. “நிறையப் பேரு குடும்பம்னு நினைச்சு ஏமாந்துடறாங்க” என்றார்கள். “உங்க சிநேகிதி எவ்வளவு தூரம் போயிட்டாங்க?”

“கொஞ்ச தூரம்தான்” என்றாள் மியூரியல்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடிக்காமல் ஆற விட்டாள். கிளிஃபோர்ட் யாரோ. நோரீன் யாரோ. பஸ் சீக்கிரம் வந்ததால் அம்மாவுக்காகப் பாடினாரே ஒருவர், அவருக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இது வெளியே தெரிந்தால் பெட்டிக்குப் பின்னால் யார் நடப்பார்கள்? தெரியாமல் இருக்க வேண்டுமானால் கல்லின் முதுகை யாரும் பார்க்கக்கூடாது. பார்க்காமல் இருக்க முட்புதர் வேண்டும்.

மறுநாளிலிருந்து மியூரியல் முட்புதரின் ரட்சகியானாள். கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் தொண்டர் குழு அவளுடைய பழைய மனுவை ஏற்று, புதரை வெட்டுவதாக அப்போதுதான் பதில் போட்டிருந்தது. அவள் உடனே அங்கே குருவி கூடு கட்டுகிறது என்று எழுதினாள். முள்ளெலி குடியிருக்கிறது என்று எழுதினாள். அந்தப் புதர் இனத்திலேயே அரியது என்று எழுதினாள். புல்லைத் தவிர வேறெதுவும் வளராத மண்ணிலும் வளர்கிற அதே காட்டுமுள்தான் அது.

கிளிஃபோர்டுக்கு அவளே தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி வைத்தாள்.

“புதரு அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“எந்தப் புதரு? பத்து வருஷமா என் காதுல ரத்தம் வர வச்சியே, அந்தப் புதரா?”

“குருவி இருக்கு கிளிஃபோர்ட்.”

“குருவியா?”

“கூட்டுல குஞ்சு இருக்கு.”

“உனக்கு உடம்பு சரியில்லையா கண்ணு?” என்று கேட்டார். பிறகு, “சரி, குருவிக்கு என் விசாரிப்பைச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

அவர் வைத்த விதத்தில் ஏதோ ஒரு உற்சாகம் இருந்தது. மியூரியல் அதைக் கவனிக்கவில்லை.

மே மாத முதல் ஞாயிறு பஸ் தாமதம். அவள் மேடேறி வரும்போதே எல்லோரும் கல்லின் பின்பக்கம் நிற்பதைப் பார்த்தாள். அங்கே நிற்க இடம் ஏது என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. புதர் இல்லை. வெட்டி, கட்டி, மதிலோரம் அடுக்கியிருந்தார்கள். காண்ட் சகோதரர்களின் கை முழுக்கக் கீறல். கிளிஃபோர்ட் தோட்டக் கையுறையைக் கழற்றி அவளை நோக்கி ஆட்டினார்.

“பிறந்தநாள் வாழ்த்து, மியூரியல்! முன்கூட்டியே. குருவி, தொண்டர் குழுவுக்கு நீ எழுதின முள்ளெலி, ஒண்ணும் இல்ல, நல்லாப் பாத்துட்டோம். நீ எங்களுக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாதுன்னுதான் கதை விடறேன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“அதை விடு கிளிஃபோர்ட், இங்க பாரு மியூரியல்!” நோரீன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “ஒம்பது பேரு! முதுகுப் பக்கம் இன்னும் ஒம்பது பேரு! நம்ம குடும்பம் ரெட்டிப்பு! இதோ, இபட்சன். என் பல் டாக்டர் பேரு இபட்சன். அந்தாளு குனியும்போதெல்லாம் நான் நினைப்பேன், இந்த மூக்கை எங்கயோ பாத்திருக்கோமேன்னு.”

“ஆமாம், இனிமே பெரிய ஹால்தான்” என்றார் வில்ஃப்.

“அதேதான்” என்றார் ஸ்டான்.

மியூரியல் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு. பெட்டிக்குப் பின்னால் நடப்பவர்களும் ரெட்டிப்பு ஆகிவிடுவார்கள். கழுத்து லேசாகக் குனியவும் ஆரம்பித்தது. அப்போது கிளிஃபோர்ட் பக்கத்தில் வந்து நின்றார்.

“பதினெட்டுப் பேரு, ஒரு மாசத்துக்குள்ள. எனக்கு என்னவோ உதைக்குது” என்றார். “ஆனா நீ சொன்னா சரி. இத்தனை வருஷத்துல நீ சொன்ன எதையும் நான் சரிபாத்ததில்ல.”

அதுதான் அவளைக் கவிழ்த்தது. அவளையே சந்தேகப்பட்டிருந்தால் சமாளித்திருப்பாள்.

“நாம சொந்தமில்ல” என்றாள் மியூரியல்.

“யாரு?”

“நாம யாருமே. யாருக்கும் யாரும் இல்ல. அந்த மாசம் செத்தவங்களை வரிசையாப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான். பக்கத்துக் கல்லைப் பாருங்க, தேதி அங்க தொடருது. எனக்கு மார்ச்சுலயே தெரியும். குருவி இல்லன்னும் தெரியும்.”

மதில்மேல் காகம் ஒன்று நடந்தது. அழுகை, கோபம், துரோகி என்ற பட்டம் எதற்கும் தயாராக அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதலில் வாயைத் திறந்தது நோரீன். அவள் கவலை வேறாக இருந்தது.

“அன்னியங்களோட ஒரே குழின்னா,” குரல் தானாகவே பன்றி இறைச்சிக் கடை வரிசைக்கு இறங்கியது, “அப்ப இது ஊர்க்குழியா?”

“ஊர்க்குழியா!” என்றார் வில்ஃப்.

“சட்டம் போட்டு மாட்டியிருக்கேனே! எங்க தாக்ரே ஆளுங்க ஊர்க்குழிலயா? பாதிரியார் வேற வந்து பாத்துட்டுப் போனாரு!”

“சட்டத்தைத் திருப்பி மாட்டு, பின்பக்கம் அட்டை நல்லா இருக்கும்” என்றார் கிளிஃபோர்ட். ஆனால் அவர் முகமும் சிவந்திருந்தது. “எங்கப்பன் ஒரு பைசா தர்மம் வாங்கினதில்ல. எங்களைப் போய் ஊர்க்குழின்னு...”

சொந்தமில்லை என்பதை நிமிஷத்தில் விழுங்கிவிட்டார்கள். தரித்திரர்கள் என்பதுதான் தொண்டையில் சிக்கியது. மியூரியலுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிதாக இருந்தது.

“ஊர்க்குழி இல்ல!” என்று கத்தினாள். “ஊர்க்குழிக்குக் கல் ஏது? பேரு ஏது? ஒரு கினி கட்டியிருக்காங்க. சேத்தோட ஒரு வாரக் கூலி அது. புருஷன் செத்தாச்சு, கூலி நின்னாச்சு, வீட்டுல நாலு குழந்தை. அந்த நிலைமைல சேத் பொண்டாட்டி கினி கட்டியிருக்கா. எதுக்கு? தனி இடத்துக்கு இல்ல, அதுக்கு வக்கில்ல. பேரு ஒண்ணு இருக்கட்டும்னு. உங்க தாக்ரே வீட்டுலயும் யாரோ கட்டியிருக்காங்க நோரீன். அடகு வச்சாங்களோ, யார்கிட்ட கேட்டாங்களோ. கட்டாம இருந்தா நான் உன்னைக் கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன். தரித்திரமாம்!”

“அப்ப பணம் கட்டின அடக்கம்” என்றாள் நோரீன், ஒவ்வொரு வார்த்தையாக.

“பணம் கட்டின அடக்கம்.”

“தர்மம் இல்ல.”

“ஒரு பைசா இல்ல.”

நோரீன் மூச்சு விட்டாள். மானம் திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவளுக்குக் கோபப்பட நேரம் கிடைத்தது.

“ஆனா உனக்கு மார்ச்சுலயே தெரியும்! குருவின்னு என்கிட்டயும் சொன்னே. நான் குருவிக்குன்னு ரொட்டித் தூள் கொண்டு வந்திருக்கேன், மியூரியல் ஓல்ட்ராய்ட்!” கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் வாசல் பக்கம் இறங்கிப் போனாள்.

மியூரியல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“அதனால, என் சாவுக்கு வரேன்னு சொன்னீங்கல்ல. அது சொந்தம்னு நினைச்சுச் சொன்னது. யாரும் வர வேண்டிய கட்டாயம் இல்ல.”

கிளிஃபோர்ட் பன்றிக்கறிப் பையில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு, மென்று, விழுங்கும்வரை காத்திருக்க வைத்தார்.

“கட்டாயத்துக்கு நான் எங்க போயிருக்கேன்? என் கூடப் பிறந்த தம்பி சாவுக்கே போகல. ரத்த சொந்தம். அவன் மூஞ்சி எனக்குப் பிடிக்காது, பெட்டிக்குள்ள இருந்தாலும் பிடிக்காது.” வாயைத் துடைத்துக்கொண்டார். “உனக்குன்னு கறுப்பு ஷூ வாங்கி வச்சுட்டேன். தள்ளுபடில. திருப்பி எடுத்துக்க மாட்டான்.”

“நான் இன்னும் சாகல கிளிஃபோர்ட்.”

“அவசரமில்ல. ஷூ கெட்டுப் போகாது.”

வில்ஃப் காண்ட் தொண்டையைச் செருமினார். வாழ்நாளில் முதல் தடவையாக அவராகவே ஒரு விஷயத்தைத் தொடங்கினார். “அன்னிக்கு ஹாம் இருக்கும்ல?” உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இல்லாமல் அந்த ஊரில் யாரையும் மரியாதையாக அடக்கம் செய்வதில்லை.

“முட்டை சாண்ட்விச்” என்றாள் மியூரியல். “பணம் கட்டியாச்சு. பட்டியல்ல இருக்கு.”

“முட்டையா?” என்றார் ஸ்டான். அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்ளக் கூட மறந்துவிட்டார். “சாவு வீட்டுல முட்டையா?”

“முட்டைக்கு என்ன குறைச்சல்?”

“எங்கம்மாவை ஹாம் வச்சுத்தான் அனுப்பினோம். எங்கப்பாவையும் ஹாம் வச்சுத்தான்.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும், மொத்தமாக் கட்டி முடிச்சது...”

“ஹாம் இல்லாத சாவா?”

எல்லோரும் திரும்பினார்கள். நோரீன் நின்றிருந்தாள், மேடேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கோபத்தில் கிளம்பினவள் பன்றிக்கறிப் பை கொண்டு வந்த தன் தட்டை மறந்துவிட்டிருந்தாள். நல்ல பீங்கான் தட்டு. அதை அன்னியர்களிடம் விட்டுப் போகிற அளவுக்கு அவள் கோபம் பெரியதில்லை.

“ஹாம் இல்லாம பெட்டியைத் தூக்கினா ஊரு என்ன சொல்லும்? ஊர்க்குழிக்குப் போறவங்களுக்குத்தான் ஹாம் கிடையாது!” தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை. “முழு ஹாம். எலும்போட. நான் வேக வைக்கறேன். சொந்தமில்ல, சரி. பொய் சொன்னே, அதைப் பத்தி உன்கிட்ட இன்னும் நிறையப் பேசணும். ஆனா நான் நிக்கற இடத்துல முட்டை சாண்ட்விச்சை எவளும் பரிமாற முடியாது.”

“கடுகு வேணும்” என்றார் வில்ஃப்.

“அதேதான்” என்றார் ஸ்டான்.

“கடுகு இல்லாம ஹாம் எங்கய்யா இருக்கு?” என்று நோரீன் அவர்கள் மேல் பாய்ந்தாள். வேக வைப்பதா, சுடுவதா என்று கிளிஃபோர்ட் குறுக்கே ஏதோ கேட்டார். அவருக்கும் திட்டு விழுந்தது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த மியூரியலை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் குரலை உயர்த்தினாள். “எனக்கு ஹாமே பிடிக்காது!”

கிளிஃபோர்ட் குனிந்து, பிளாஸ்கைத் திறந்து, அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

“நீயா சாப்பிடப் போறே, கண்ணு?”